சிப்பிமணல் என்று ஓர் ஊர் உண்டா, மச்சான்?

தென்காசி,
1934, ஆடி மாதம்.

அன்பும் பண்பும் அவற்றைவிட அதிகமாக அவசரமும் நிறைந்த மைத்துனர் பரீது அவர்களுக்கு, உம்முடைய அக்காள் புருஷனும் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியாருமான பீர் மைதீன் சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. ஆண்டவன் கிருபையால் இங்கே நானும், உம் அக்காள் ஹைருன் பீவியும், மகள் ராபியாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு உள்ள குறைகளைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். தூத்துக்குடியில் உம்முடைய பல்வலி குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

பல்வலியை நான் முதலில் விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. நீர் எழுதின கடிதம் மொத்தம் இரண்டு பக்கம். அதில் ஒன்றே முக்கால் பக்கம் பல்வலி. எந்தப் பல், எந்தப் பக்கம், கிராம்புத் தைலம் வைத்ததும் காது வரைக்கும் எப்படி இழுத்தது, மண்டியில் கணக்கு எழுத முடியாமல் எப்படித் தவித்தீர் என்பதையெல்லாம் படித்து உம் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீதி இருந்த கால் பக்கத்தில், தபால் வண்டி புறப்படுகிற நேரத்தில் எழுதியதுபோல, "நம் ராபியாவுக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறேன். பையன் பெயர் ஆதம். கொழும்பில் ஜவுளிக் கடை. ஊர் சிப்பிமணல், கடற்கரை ஓரம், சின்ன ஊர்தான். சம்மதம் என்று உடனே எழுதவும்" என்று முடித்துவிட்டீர். உம்முடைய கடைவாய்ப் பல்லுக்குக் கிடைத்த மரியாதை என் ஒரே மகளுக்குக் கிடைக்கவில்லை. போகட்டும், பல் உம்முடையது, மகள் என்னுடையவள்.

நான் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன். ஓர் ஊர் என்றால் அதற்கு நாலு எல்லை உண்டு, ஜனத்தொகை உண்டு, மழை அளவு உண்டு, குடிதண்ணீர் உண்டு. இதைச் சொல்லத் தெரியாத பையன்களைப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியவன் நான். அப்படிப்பட்டவன், தன் மகள் வாழப்போகிற ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் 'சம்மதம்' என்று எழுத வேண்டுமாம். உம் அக்காளிடம் இதைச் சொன்னேன். "தம்பி பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க பிள்ளைய மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுக்கியளா, ஊருக்குக் கட்டிக் குடுக்கியளா?" என்று கேட்டாள். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பேச்சு நன்றாக வருகிறது, தகவல்தான் வருவதில்லை.

முதலில் என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சுவர்ப் படத்தில் தேடினேன். ஜில்லா முழுவதும் பத்திரமாக இருந்தது, கடற்கரையைத் தவிர. முப்பது வருஷமாக, 'கிழக்கு எல்லை, மன்னார் வளைகுடா' என்று நானே பிரம்பால் தட்டித் தட்டிக் காட்டியதில், அந்த இடம் முழுவதும் தேய்ந்து வெறும் துணியாகிவிட்டது. தூத்துக்குடியில் முதலெழுத்து மட்டும் மிச்சம். அதற்குப் பக்கத்தில் எங்காவது நீர் சொல்லுகிற ஊர் இருந்திருந்தால் அதை நான்தான் அடித்து அழித்திருக்கிறேன். புது வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பிரம்பை வைத்துக்கொள்வதில்லையாம்.

அங்கிருந்து என் சிநேகிதர் நமசிவாயம் பிள்ளையிடம் போனேன். அவர் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. எந்தக் கச்சேரி என்று எழுதமாட்டேன். அவருக்கு இன்னும் மூன்று பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். "வாத்தியாரே, சர்க்கார் படத்துல இல்லாத ஊரு பூமியிலயே கிடையாது, கேட்டீரா?" என்று சொல்லி, அலமாரி மேலிருந்து ஒரு பெரிய படத்தை இறக்கி விரித்து, தூசி தட்டி, தும்மி, கடைசியில் கடலோரத்தில் ஒரு கரும்புள்ளியின்மேல் விரலை வைத்தார். "இந்தா இருக்குல்லா, இதான் உம்ம சிப்பிமணல்." எனக்கு உயிர் வந்தது. நூலை வைத்துத் தூத்துக்குடியிலிருந்து தூரம் அளந்தேன். கடலுக்கும் ஊருக்கும் இடைவெளி போதாது என்று கவலைப்பட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "நல்ல ஊரு, எங்க சகலப்பாடி அங்கன போயிருக்காரு" என்று சாட்சி சொன்னார். ஊரை இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேசாக நகத்தால் தடவினேன். ஊர் என் நகத்தோடு வந்துவிட்டது. நமசிவாயம் பிள்ளை என் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஈ எச்சம்வே" என்றார். "அதுக்காக ஊரு இல்லன்னு ஆயிராது, பாத்துக்கிடும்." சகலப்பாடி போய்வந்த ஊரைச் சட்டையில் துடைத்துவிட்டு நான் எழுந்தேன்.

படத்தில் இல்லாவிட்டாலும் சென்சஸ் புஸ்தகத்தில் இருக்கும், எத்தனை வீடு, எத்தனை தலை என்று ஒன்றுவிடாமல் போட்டிருப்பார்கள் என்று பிள்ளை ஆறுதல் சொன்னார். ஆனால் அந்தப் புஸ்தகம் கச்சேரியில் இல்லை. பெரிய உத்தியோகஸ்தர் முகாமுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முகாம் எங்கே? குற்றாலத்தில். உமக்கு இதெல்லாம் தெரியாது, நீர் உப்புக்காற்று தின்கிறவர். இங்கே சாரல் விழ ஆரம்பித்ததும், ஜில்லாவில் உள்ள அத்தனை சர்க்கார் காரியமும் அருவிக்குப் பக்கத்தில் வந்து முண்டியடித்துக்கொண்டு நிற்கும். சித்திரை வெயிலில் குற்றாலத்தில் விசாரிக்க ஒரு விஷயமும் கிடையாது, தடுக்கி விழுந்தால்கூடத் தகராறு கிடையாது. ஆனி பிறந்ததோ இல்லையோ, சர்க்காரின் கவலை எல்லாம் எண்ணெய்க் கிண்ணத்தோடு மலையேறிவிடுகிறது.

நானும் பிள்ளையும் மாட்டு வண்டி பிடித்துப் போனோம். கோட்டும் தலைப்பாகையும் தரித்துக்கொண்டு போனேன், உத்தியோகஸ்தரைப் பார்க்கப் போகிறோம் அல்லவா? அவரைப் பார்த்தோம். பாறையின்மேல் குப்புறப் படுத்திருந்தார். உடம்பில் கோவணமும் நல்லெண்ணெயும் மட்டும் இருந்தன. ஒருவன் அவர் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தான். அந்த நிலையில் இருக்கிற ஒரு பெரிய மனிதருக்கு எந்தப் பக்கத்திலிருந்து சலாம் வைப்பது என்று எந்தப் பாடபுஸ்தகத்திலும் போட்டிருக்கவில்லை. நான் முதுகுக்கு ஒன்று வைத்தேன். பிள்ளை அவர் காதருகே குனிந்து, "ஐயா, இவாள் ஓய்வுபெற்ற வாத்தியார். மகளுக்குக் கல்யாண விஷயமா..." என்று ஆரம்பித்தார். "சந்தோஷம். நாள் சொல்லும், வந்துருவோம்" என்று எழுந்து அருவிக்குள் நுழைந்துவிட்டார்.

அருவிக்குள் நிற்கிறவரிடம் யாராலும் பேச முடியாது, மச்சான். அதற்காகவே அவர் அங்கே நிற்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். வெளியே வந்தால் மறுபடி எண்ணெய், எண்ணெய் முடிந்தால் மறுபடி அருவி. நடுவில் கிடைக்கிற சொற்ப நேரத்தில்தான் ராஜாங்கம் நடக்கிறது. இரண்டாவது தடவை வெளியே வந்தபோது "மனுவா எழுதிக் குடுக்கச் சொல்லும்" என்றார். எழுதினேன். சாரலில் மை கரைந்து, 'சிப்பிமணல்' கடலுக்குள் போவதுபோலவே காகிதத்தின் ஓரம் வழியாக வடிந்து போனது. மூன்றாவது தடவை என் தலைப்பாகையும் நனைந்து என் கோலமும் கெட்டுப் போயிருந்ததைப் பார்த்து இரக்கப்பட்டு, "புஸ்தகந்தான வேணும்? பங்களாவுல கெடக்கும், சமையக்காரன்ட்ட வாங்கிப் பாத்துக்கிடும். அத வச்சி நான் குளிக்கவா போறேன்?" என்றார்.

பங்களாவில் சமையல்காரன் சுடலையாண்டி அடுப்படியில் இருந்தான். சென்சஸ் புஸ்தகம் எங்கே என்று கேட்டோம். அவன் தாழ்வாரத்தைக் கை காட்டினான். அங்கே ஒரு பித்தளை அண்டா நிறையப் பலாச்சுளை. அண்டாவுக்கு ஒரு தட்டு மூடி. மூடியின்மேல், குரங்கு தூக்காமல் இருப்பதற்காக, நம் ஜனங்கள் அத்தனை பேரும் அட்டை போட்ட ஒரே கட்டாக உட்கார்ந்திருந்தார்கள். "ஐயா கொண்டாந்த புஸ்தகத்துல நாலு வச்சிப் பாத்தேன். இது ஒண்ணத்தான் குரங்கால அசைக்க முடியல" என்று சுடலையாண்டி பெருமையாகச் சொன்னான். எடுக்க மட்டும் விடமாட்டேன் என்றான். கூரைமேல் எட்டு ஒன்பது குரங்குகள் இந்தப் பேச்சுவார்த்தையைக் கவனித்துக்கொண்டு இருந்தன. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் புஸ்தகத்தை எடுப்பது, அதற்குப் பதிலாக நமசிவாயம் பிள்ளை அண்டாமேல் உட்காருவது. இருபத்தைந்து வருஷம் சர்க்காருக்கு உழைத்தவர், முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

புஸ்தகத்தைத் திறந்தால் திறக்கவில்லை. பலாப்பிசின் இறங்கி, நமக்கு வேண்டிய தாலுகா மட்டும் ஒரே பலகையாக ஒட்டிக்கொண்டு இருந்தது. பிசினுக்கு எண்ணெய்தான் மருந்து, எண்ணெய்க்குக் குற்றாலத்தில் பஞ்சமா? உத்தியோகஸ்தரின் முதுகுக்குப் போக மீதி இருந்ததை வாங்கிவந்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு கிராமமாகப் பிரித்தேன். சிப்பிமணல் என்ற தலைப்பு எங்கும் இல்லை. வேறொரு உள்நாட்டுக் கிராமத்தின் காலடியில், சின்ன எழுத்தில், அதைச் சேர்ந்த குடியிருப்பு என்று போட்டிருந்தது. வீடு தொண்ணூற்றிரண்டு. பெண்கள் முந்நூற்றுப் பதினொன்று. ஆண்கள் நாற்பத்து நான்கு.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நாற்பத்து நான்குதான். அதில் கைக்குழந்தையும் கிழவரும் போனால் மாப்பிள்ளை என்று நிற்பதற்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீரே சொல்லும். "கொள்ளை நோயா இருக்குமோ?" என்றேன். பிள்ளை அண்டாமேல் இருந்தபடி யோசித்து, "நோய்னா பொம்பளையும்லா போயிருக்கணும்? எண்ணுதவன் மணல்ல நடக்கச் சடவுபட்டு, வீட்டு வாசல்ல நின்ன பொம்பளைய மட்டும் எண்ணிட்டுப் போயிருப்பான்" என்றார். சர்க்கார் கணக்கைச் சர்க்கார் ஊழியரே இவ்வளவு நம்புகிறார். அதற்குள் ஒரு குரங்கு அவர் தோளில் கை வைத்தது. அவர் எழுந்தார், அது உட்கார்ந்தது, சுடலையாண்டி விறகுக்கட்டையோடு ஓடிவந்தான், நாங்கள் புஸ்தகத்தைப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினோம்.

வண்டி நிற்கிற இடத்தில் உங்கள் பக்கத்துக்காரர் ஒருவர், குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்க நின்றுகொண்டு இருந்தார். மரைக்காயர், கடலோரத்து வியாபாரி. அவரிடம் சிப்பிமணலைக் கேட்டேன். "ஏன் தெரியாது? நம்ம ஊருக்கு அங்கிட்டு ரெண்டாவது ஊரு" என்றார். ஆண்களை எங்கே என்று கேட்டேன். "ஆம்பளைக்கு அங்கன என்ன சோலி? எல்லாரும் கொழும்புலதான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாங்க. பிள்ளை மொகத்தப் பாப்பாங்க, கப்பல் ஏறிருவாங்க." தண்ணீர்? "உப்புக் கரிக்கத்தான் செய்யும். பழகிட்டா ஒண்ணும் தெரியாது." இத்தனை நாள் படமும் புஸ்தகமும் சொல்லாததை, ஈரத் துண்டோடு நின்றவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் வண்டியில் ஏறினேன்.

இதுவரைக்கும் வேடிக்கையாக எழுதினேன், மச்சான். இனிமேல் எழுதுவதற்கு எனக்கு வேடிக்கை வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் தினமும் தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால் ராபியா கதவைத் திறந்து, "ஊரு கிடைச்சிதா வாப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள். கிடைத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிற்றாற்றுத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடித்து அறியாத பெண், உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மாமியார் வீட்டு அடுப்படியில் முகம் தெரியாதவர்கள் நடுவில், கப்பல் வருமா வருமா என்று இருக்க வேண்டுமா? காய்ச்சல் என்று படுத்தால் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? நான் கிளம்பிப் போகலாம் என்றால், எந்தப் படத்தை வைத்துக்கொண்டு போவேன்? அந்த முந்நூற்றுப் பதினொன்றை முந்நூற்றுப் பன்னிரண்டாக்க நான் தயாராக இல்லை.

ஆகவே இதையே என் முடிவான பதிலாக வைத்துக்கொள்ளும். பையன் நல்லவனாக இருக்கலாம், கடை பெரியதாக இருக்கலாம். முதலில் அவர்கள் ஊர் படத்தில் வரட்டும், கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறட்டும், ஆண்களும் பெண்களும் ஓரளவு சரிசமமாகட்டும். அடுத்த சென்சஸ் 1941-இல் வருகிறது. அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதுவரை இந்தப் பேச்சை மறுபடி எடுத்தால், உமக்கும் எனக்கும் உள்ள உறவு பல்வலி விசாரிப்பதோடு நிற்கும் என்று இதன் மூலம் தெரியப்படுத்திக்கொள்கிறேன்.

உம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் எல்லோருடைய துஆவும் அன்பும். ஆண்டவன் உமக்கு நீண்ட ஆயுளும், நல்ல பல்லும், கடிதம் எழுதுகிறபோது கொஞ்சம் நிதானமும் அருள்வானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உம்முடைய நன்மையையே நாடும்,
கா. பீர் மைதீன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபாலாபீசுக்குப் புறப்படுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பனாரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீர்தான் விலாசம் கொடுத்தீராம். மனுஷர் எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்! அப்படியே பார்த்து எழுதுகிறேன், படியும்: "எங்கள் ஊரில் ஆண்கள் கப்பலேறிப் போகிறவர்கள். ஆகையால் பெண்பிள்ளை தன் தாய்தகப்பன் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார் என்பது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். இது தாங்கள் அறிந்ததே. வெளியூரில் சம்பந்தம் செய்வது எங்களுக்கு இதுவே முதல் தடவை. பையன் ஆதம் இனிமேல் தங்கள் வீட்டில் இருக்கப் போகிறவன் ஆனதால், தென்காசியைப் பற்றி விசாரித்தோம். சரியாகச் சொல்லுவார் இல்லை. அங்கே ஜனத்தொகை எவ்வளவு? மூன்று மாதம் வெயிலே கிடையாதாமே, அவனுக்குச் சளி உடம்பு. தண்ணீர் உப்பே இல்லாமல் சப்பென்று இருக்கும் என்கிறார்கள், அவன் குடித்துப் பழகுவானா? உயிர் மீன் கிடைக்குமா? இவனைப் பெற்றவளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை."

'தாங்கள் அறிந்ததே'யாம்! ஏன்வே பரீது, ஒன்றே முக்கால் பக்கம் பல்வலியில் இந்த ஒரு வரிக்கு இடமில்லாமலா போயிற்று? கேட்டால், "அங்கன எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தான" என்பீர். உம் அக்காளே, "என் தம்பி வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று உம்மைத்தான் திட்டிக்கொண்டு இருக்கிறாள். நான் திட்டவில்லை, எனக்கு நேரமில்லை. மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளும். சம்மதம், சம்மதம், ஆயிரம் தடவை சம்மதம். பிள்ளையைப் பெற்றவளைச் சோறு தின்னச் சொல்லி உடனே ஆள் அனுப்பும். நம் ஊர் ஜனத்தொகை மட்டும் எனக்கு ஞாபகம் இல்லை. புஸ்தகம் அண்டாமேல் இருக்கிறது, நாளைக்குப் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு காரியம். ராபியாவைக் கூப்பிட்டு, "நீ எங்கயும் போக வேண்டாம் தாயீ, அவுகதான் இங்கன வந்து இருக்கப் போறாக" என்று சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். முகம் வாடிப் போய், "அப்பம் நான் கடலயே பாக்க மாட்டனா வாப்பா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. ஆகையால் நீர் அவர்கள் கையைக் காலைப் பிடித்தாவது, அவர்கள் வழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, வருஷத்தில் ஒரு மாதமாவது என் மகளைச் சிப்பிமணலில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும்படி நான் மன்றாடிக் கேட்டதாகச் சொல்லும்.